60 வயதில் பியானோ, கையில் 15,000 ரூபாய்

அக்கா, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். இதே யோசனையில் இருக்கும் வேறு சிலருக்கும் உதவும்.

உங்களுக்கு 60 முடிந்துவிட்டது, வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. இருப்பது தூத்துக்குடியில். சின்ன வயதில் இரண்டு வருடம் பாட்டு வகுப்புக்குப் போயிருக்கிறீர்கள்; சரளி வரிசை, ஜண்டை வரிசை, ஒன்றிரண்டு கீதம் வரை. பியானோ கற்க வேண்டும் என்பது நாற்பது வருட ஆசை. இதற்கென்று ஒதுக்க முடிந்தது 15,000 ரூபாய். தெரிந்த குடும்பம் ஒன்று பழைய பியானோவை 20,000-க்குத் தருகிறது, மீதியைத் தவணையில் கொடுத்தால் போதும் என்கிறார்கள். இந்த வயதில் விரல் பழகுமா, அந்தப் பியானோவை வாங்கலாமா, ஆசிரியர் இல்லாமல் போனில் பார்த்தே கற்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விரல் பழகும். பியானோ வேண்டாம். ஆசிரியர் இல்லாமலே முழுக்கக் கற்பதும் வேண்டாம், ஆனால் வாரா வாரம் வகுப்புக்குப் போகவும் தேவையில்லை. பாளையங்கோட்டையில் இருபது வருடத்துக்கு மேலாகச் சொல்லிக்கொடுக்கிறேன். ஐம்பதைத் தாண்டி வந்து உட்கார்ந்தவர்கள் நிறையப் பேர். அவர்களைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

அந்தப் பியானோவில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் முன்பணம் கொடுத்துவிடுவீர்களோ என்று கவலையாக இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்னால் இதே மாதிரி ஒரு பியானோவைப் பார்த்துச் சொல்லச் சொல்லி ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். கடற்கரை ஊர். வெளியே பார்க்க அவ்வளவு அழகு. தேக்கு நிறம், பித்தளை மெழுகுவர்த்தித் தாங்கி எல்லாம் இருந்தது. மேல்மூடியைத் தூக்கி டார்ச் அடித்தேன். கம்பிகளில் செந்துரு. கம்பியைத் தட்டும் சுத்தியல்களின் நுனியில் இருக்கும் கம்பளி ஃபெல்ட்டைப் பூச்சி தின்று குழி குழியாக இருந்தது. இடது மூலையில் கிழித்துப்போட்ட தாளுக்கு நடுவே எலிக்கூடு. சுருதி சேர்க்கும் ஆணி ஒன்றில் சாவியை மாட்டித் திருப்பினேன். கையை எடுத்ததும் ஆணி மெதுவாகப் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. அதற்கு மேல் பார்க்க எதுவும் இல்லை என்று மூடியை மூடிவிட்டேன்.

ஏன் அந்த ஆணி முக்கியம் என்றால், ஒரு பியானோவில் ஏறக்குறைய 230 கம்பிகள் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து இழுக்கிற இழுப்பு 15 டன்னுக்கு மேல். அத்தனையும் ஒரு மரக்கட்டையில் அடித்த ஆணிகளைப் பிடித்துத்தான் நிற்கிறது. அந்த மரம் உலர்ந்து வெடித்துவிட்டால் ஆணி பிடிக்காது, ஆணி பிடிக்காவிட்டால் சுருதி நிற்காது. சரிசெய்யப் பியானோ ட்யூனர் வேண்டும். நம் பக்கத்துக்குப் பெரும்பாலும் வெளியூரிலிருந்துதான் வரவழைக்க வேண்டும், அதுவும் ஒரு தடவையோடு முடியாது. 200 கிலோவுக்குக் குறையாத சாமானை ஏற்றி இறக்கும் கூலி தனி. இருபதாயிரம் என்பது அதன் விலை இல்லை அக்கா, அதற்கான முதல் செலவு மட்டும்தான். நல்ல நிலையில் இருக்கிற பழைய பியானோக்கள் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு ட்யூனரே வந்து பார்த்துச் சொன்னால் ஒழிய வாங்கக் கூடாது.

சரி, என்ன வாங்கலாம்? ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்: டச் ரெஸ்பான்ஸ். கட்டையை மெதுவாக அமுக்கினால் மெல்லிய சத்தமும், ஓங்கி அமுக்கினால் பெரிய சத்தமும் வர வேண்டும். இது இல்லாத கீபோர்டில் எப்படி அமுக்கினாலும் ஒரே அளவுதான் கேட்கும், அதில் ஒரு வருடம் பழகியவர் கை இயந்திரம் மாதிரி ஆகிவிடுகிறது. அப்புறம் மாற்றுவது பெரிய பாடு. இதில் கடைகளில் ஏமாறுகிறவர்கள் அதிகம், ஏனென்றால் இருப்பதும் இல்லாததும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கேசியோ சிடி-எஸ்200-இல் டச் கிடையாது, சிடி-எஸ்300-இல் உண்டு. யமஹா பிஎஸ்ஆர்-இ273-இல் கிடையாது, இ373-இல் உண்டு. 600 தாளம், 400 வாத்தியச் சத்தம் என்று பெட்டியில் எழுதியிருப்பதற்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டாம். உங்களுக்கு வேண்டியது அதில் முதல் சத்தமான பியானோ மட்டும்தான்.

61 கட்டை போதுமா என்று உங்களுக்குத் தோன்றும். முழுப் பியானோவில் 88 கட்டைகள்; 52 வெள்ளை, 36 கருப்பு. ஆனால் மோட்சார்ட் வீட்டில் வைத்து வாசித்த பியானோவிலேயே ஐந்து ஆக்டேவ்தான் (நம் கணக்கில் ஐந்து ஸ்தாயி), 61 கட்டைதான். இன்றைய கீபோர்டு தொடங்கும் ஸ்வரம் வேறு என்பதால் அவருடைய இசையை அப்படியே அதில் வாசிக்க முடியாது என்றாலும், முதல் இரண்டு வருடப் பாடத்துக்கு 61 கட்டை தாராளம். கட்டையின் அகலம் மட்டும் முழு அளவாக இருக்க வேண்டும். குழந்தைகளுக்கு விற்கும் மினி கட்டை வேண்டவே வேண்டாம்.

பியானோ மாதிரியே கனமான கட்டை உள்ள டிஜிட்டல் பியானோக்கள் இருக்கின்றன. யமஹா பி-45, அதன் பின் வந்த பி-145, கேசியோ சிடிபி-எஸ்110, ரோலண்ட் எஃப்பி-10 எல்லாம் இந்த வகை. கை வளர்வதற்கு அவைதான் சிறந்தவை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புதிதாக வாங்கினால் உங்கள் பட்ஜெட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். பழையது கிடைக்கும். பிள்ளைக்காக வாங்கி ஆறு மாதத்தில் துணி போட்டு மூடி வைத்த வீடுகள் நம் ஊர்களில் எத்தனையோ இருக்கின்றன. பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் சர்ச்சிலும் சொல்லி வையுங்கள். அவசரம் இல்லையென்றால் இரண்டு மூன்று மாதம் காத்திருக்கலாம். அதுவரை கிடைக்காவிட்டால் டச் உள்ள 61 கட்டைக் கீபோர்டு ஒன்று, பழையதாகவே, வாங்கிவிடுங்கள். காத்திருந்து காத்திருந்து ஆசை ஆறிப்போவதுதான் பெரிய நஷ்டம்.

பழையதை வாங்கப் போகும்போது ஒவ்வொரு கட்டையையும், கருப்பு உட்பட, இரண்டு தரம் அமுக்குங்கள்: ஒரு தரம் மெதுவாக, ஒரு தரம் ஓங்கி. ஏதாவது ஒரு கட்டை மட்டும் திடீரென்று கத்தினாலோ ஊமையாக இருந்தாலோ உள்ளே ரப்பர் காண்டாக்ட் போயிருக்கிறது என்று அர்த்தம். சிலசமயம் தூசிதான் காரணம், துடைத்தால் சரியாகும், ஆனால் அதை நம்பி வாங்காதீர்கள். பெடல் மாட்டும் துளை, ஹெட்ஃபோன் துளை இரண்டையும் சோதியுங்கள். அடாப்டர் அந்தக் கீபோர்டுக்கே உரியதா என்று பாருங்கள். விரலை எடுத்த பிறகும் சத்தத்தை நீட்டிக்கக் காலால் மிதிக்கிற சஸ்டெயின் பெடல் ஒன்று கூடவே வேண்டும், அது பெரிய விலை இல்லை. கட்டை மாதிரி தட்டையான சின்னப் பெடலைவிடப் பியானோப் பெடல் வடிவில் இருப்பது காலுக்கு அடங்கும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் எல்லோரும் செய்கிற தப்பு, சாப்பாட்டு மேசை மேல் வைப்பது. பியானோவில் கட்டையின் மேற்பரப்பு தரையிலிருந்து 72, 73 செ.மீ. உயரத்தில் இருக்கும். சாப்பாட்டு மேசையின் பலகையே 75 செ.மீ.; அதன் மேல் கீபோர்டு ஏறினால் தோள் இரண்டும் காதுக்குப் போய்விடும். பத்து நிமிடத்தில் கழுத்து வலிக்கும், வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள். காரணம் மேசைதான். எக்ஸ் வடிவ ஸ்டாண்ட் நல்லது. அது இல்லாவிட்டால் நாற்காலியில் ஜமக்காளத்தை மடித்துப் போட்டு உயர்த்துங்கள்; கால் தொங்கினால் கீழே ஒரு பலகை. முழங்கை கட்டையின் மட்டத்துக்கு வந்து, முன்கை தரைக்கு இணையாக நின்றால் அளவு சரி.

அடுத்து கண். இதை யாருமே சொல்வதில்லை. உங்கள் வாசிப்புக் கண்ணாடி புத்தகத்தைக் கையில் பிடிக்கிற தூரத்துக்கு, 35, 40 செ.மீ.க்குச் செய்தது. நோட்டு (இசை எழுதிய தாள்) வைக்கிற இடமோ கண்ணிலிருந்து 60, 70 செ.மீ. பைஃபோகல் போட்டவர்கள் தாடையைத் தூக்கிக் கீழ்க்கண்ணாடி வழியே பார்க்கிறார்கள், கொஞ்ச நேரத்தில் பின்கழுத்து பிடித்துக்கொள்கிறது. கண் பரிசோதிக்கிற இடத்தில் நோட்டு இருக்கும் தூரத்தை டேப்பில் அளந்து சொல்லி, அதற்கென்று ஒரு சாதாரணக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால் செலவில்லாத வழி ஒன்று உண்டு: ஏ4 பக்கத்தை ஏ3 தாளில் பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுங்கள். என்னிடம் வந்த ஒருவர் நோட்டுப் படிக்கவே வரவில்லை, மூளை மழுங்கிவிட்டது என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். ஏ3 தாளை வைத்த அன்றே தடுமாற்றம் பாதியாகக் குறைந்தது.

இப்போது விரல். உள்ளங்கையை மேசை மேல் வைத்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கிக்கொண்டு, மோதிர விரலைத் தூக்கிப் பாருங்கள். தூக்க முடியாது. இருபது வயதுப் பிள்ளைக்கும் முடியாது. அந்த விரல்களின் தசைநாண்கள் புறங்கையில் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன, அவ்வளவுதான். ஆகவே நாலாவது விரல் பலவீனமாக இருக்கிறதே என்று அதைப் போட்டு வதைக்காதீர்கள். மணிக்கட்டைக் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்த்து, கையின் கனத்தை அந்த விரல் மேல் கொண்டுபோனால் தானாகச் சத்தம் வரும். வயதால் உண்மையில் வித்தியாசப்படுவது வேகமும், சூடேற ஆகும் நேரமும். காலையில் விரல் விறைப்பாக இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்துவிட்டு உட்காருங்கள். வலி வந்தால் நிறுத்த வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு வாசிக்கிற வேலை கூடாது. சர்க்கரை இருக்கிறவர்களுக்கு விரல் மடங்கி மாட்டிக்கொள்கிற ட்ரிக்கர் ஃபிங்கர் மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. விரல் சொடக்குப் போட்டு நிமிர்ந்தாலோ, இரவில் கை மரத்து விழிப்பு வந்தாலோ மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடருங்கள்.

ஆனால் அக்கா, பெரியவர்கள் பாதியில் விடுவது விரலால் அல்ல. நான் பார்த்தவரையில் காதால்தான் விடுகிறார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்குக் காதும் கையும் ஒன்றாக வளர்கின்றன. அது வாசிப்பது அதற்கு நன்றாகவே கேட்கிறது. உங்கள் காதோ ஐம்பது வருடம் நல்ல இசையைக் கேட்டு வளர்ந்தது. கை இன்றுதான் பிறந்திருக்கிறது. கை செய்கிற ஒவ்வொன்றையும் காது கண்டிக்கும். முதல் இரண்டு மாதம் எல்லாமே புதிது, உற்சாகமாகப் போகும். மூன்றாம், நான்காம் மாதத்தில் இரண்டு கையும் சேரும் பாடம் வரும்போது, இது நமக்கு வராது என்ற எண்ணம் வரும். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், 63 வயது, சரியாக அந்த இடத்தில் நின்றார். பத்து நாள் வரவில்லை. போன் செய்து வரச் சொன்னேன். முதல் மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் வாசித்ததை அவருடைய போனிலேயே பதிவு செய்ய வைத்திருந்தேன். முதல் வாரத்துப் பதிவைப் போட்டோம். ஐந்து ஸ்வரம், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு மூச்சு விடும் அளவு இடைவெளி. அதையே இப்போது வாசியுங்கள் என்றேன். வாசித்தார். அப்புறம் பழைய பதிவை இன்னொரு தரம் போடச் சொல்லி, போனைக் காதுகிட்ட வைத்துக் கேட்டார். நேற்றோடு ஒப்பிட்டால் எதுவும் தெரியாது. மூன்று மாதத்துக்கு முந்தையதோடு ஒப்பிட்டால் தெரியும். முதல் வாரத்திலிருந்தே பதிவு செய்யுங்கள்.

உங்களுடைய பாட்டுப் பயிற்சி பெரிய முதல். சி-யிலிருந்து (இரண்டிரண்டாக நிற்கும் கருப்புக் கட்டைகளுக்குச் சற்று இடப்பக்கம் இருக்கும் வெள்ளைக் கட்டை) அடுத்த சி வரை வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்தால் அது சங்கராபரணம். சரளி வரிசை படித்தது மாயாமாளவகௌளையில்தானே? ரி, த இரண்டை மட்டும் அரை ஸ்வரம் கீழே இறக்கிக் கருப்புக் கட்டைக்கு மாற்றினால் அதுவும் வந்துவிடும். பாட்டில் சொல்கிற கட்டைக் கணக்கும் இதேதான்: ஒரு கட்டை என்றால் சி, ஐந்து கட்டை என்றால் ஜி, அரைகள் கருப்பு. ஆனால் ஒரு இடத்தில் இந்தப் பழக்கமே குறுக்கே வரும். நம் காது ஒரே ஒரு மெட்டைப் பிடித்துக்கொண்டு போகும், கமகத்தை, அதாவது ஸ்வரத்தின் அசைவைத் தேடும். பியானோவில் அசைவு கிடையாது. அதற்குப் பதில் அடியில் இன்னொரு குரல் நடக்கிறது. அதனால் இடது கையை வெறும் துணையாக நினைக்காதீர்கள். இடது கை வரியை மட்டும் வாசித்துக்கொண்டு, வலது கை வரியை வாயால் ஸ்வரமாகப் பாடுங்கள். பாடத் தெரிந்தவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. கட்டைகள் மேல் எழுத்து ஒட்டாதீர்கள். ஒட்டினால் கண் தாளை விட்டுக் கீழேயே இருக்கும்.

ஆசிரியர் விஷயம். போனில் இருக்கும் பாடங்களில் நல்லவை நிறைய உண்டு, ஆனால் உங்கள் மணிக்கட்டு தொய்ந்திருக்கிறது, மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசிக்கிறீர்கள் என்று அவை சொல்லாது. முதல் இரண்டு மாதத்தில் நாலைந்து வகுப்பு, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அப்புறம் மாதம் ஒன்று. இப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்ளும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மாதச் சம்பளமாகத்தான் வாங்குவேன் என்பவரிடம் ஒரு வகுப்புக்கு இவ்வளவு என்று பேசிப் பாருங்கள். சர்ச்சில் ஆர்கனோ கீபோர்டோ வாசிக்கும் ஒருவருக்கு நோட்டுப் படிக்கத் தெரிந்தால் அவரும் போதும். உங்கள் 15,000-இல் வாத்தியத்துக்கும் பெடலுக்கும் பத்தாயிரத்துக்கு மேல் போக விடாதீர்கள். மீதி முழுக்க வகுப்புக்கு. நூறு ரூபாய் இரண்டு பக்கமும் இழுத்தால் வாத்தியத்தில் குறையுங்கள், வகுப்பில் குறைக்க வேண்டாம். டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் கிரேடு தேர்வுகளுக்கு வயது வரம்பு இல்லை, விருப்பம் இருந்தால் பின்னால் எழுதலாம். கட்டணம் உண்டு, முதல் வருடம் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

புத்தகத்துக்குச் செலவு குறைவு. பெரியவர்களுக்கென்று ஆல்ஃப்ரெட், ஃபேபர் பதிப்பகங்கள் போட்ட பாடநூல்கள் இருக்கின்றன. பழையது ஒன்று கிடைத்தால் வாங்கலாம், எழுத்தும் பெரிது, குழந்தைப் படங்களும் இருக்காது. ஒரு காசும் செலவழிக்க முடியாதென்றால் ஃபெர்டினாண்ட் பேயர் என்ற ஜெர்மன் இசையமைப்பாளர் எழுதிய தொடக்கப் பாடநூல், ஓபஸ் (படைப்பு எண்) 101 இருக்கிறது. 106 சின்னப் பாடங்கள். அவர் இறந்தது 1863-இல் என்பதால் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. 2006-இல் தொடங்கிய ஐஎம்எஸ்எல்பி இணைய நூலகத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதில் ஒரு குறை: நெடுந்தூரம் வரை இரண்டு கைக்கும் மேல் ஸ்தாயிக்குரிய ட்ரெபிள் கிளெஃப்தான். ஆகவே கீழ் ஸ்தாயிக்குரிய பேஸ் கிளெஃபைத் தனியாக முதல் மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள், தினம் ஐந்து நிமிடம். பேயர் முடிந்தால் பர்க்முல்லர் என்ற இசையமைப்பாளரின் ஓபஸ் 100, இருபத்தைந்து துண்டுகள். அங்கிருந்துதான் கச்சேரி கேட்கிற மாதிரி இருக்கும்.

பயிற்சி காலையில் இருபது நிமிடம், சாயங்காலம் இருபது நிமிடம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவது இதற்கு ஈடாகாது. ஒரு பாடத்தைத் தலையிலிருந்து கால் வரை திரும்பத் திரும்ப வாசித்துத் தடுக்கிய இடத்தில் மறுபடி தலைக்குப் போகாதீர்கள். அப்படிச் செய்தால் தலை மட்டும் நன்றாக வரும். தடுக்கிற இரண்டு ஸ்வரங்களை மட்டும் எடுத்து, அவற்றுக்கு நடுவே விரல் எப்படிப் போகிறது என்று பார்த்து, பாதி வேகத்தில் ஐந்து தரம். பிறகு அதற்கு முந்தைய ஸ்வரத்திலிருந்து.

கீபோர்டு வந்து சேர்ந்த முதல் சாயங்காலம் வேறு எதையும் தொட வேண்டாம். வலது கையில் கட்டைவிரல் ஒன்று, சுண்டுவிரல் ஐந்து. பியானோவில் எண்ணுவது அப்படி. கீபோர்டின் நடுப்பகுதியில் இருக்கும் சி-யில் (நடு சி) கட்டைவிரலை வைத்து ஸ ரி க ம ப, ப ம க ரி ஸ, வாயால் பாடிக்கொண்டே ஐந்து விரலுக்கும் ஒவ்வொரு கட்டை. இடது கையில் அதே ஸ்வரங்கள், ஒரு ஸ்தாயி கீழே, அங்கே சுண்டுவிரல் ஸ-வில் வரும். ஒவ்வொரு கட்டையும் அடுத்தது இறங்கும்போதுதான் மேலே வர வேண்டும். நடுவில் வெற்றிடமும் கூடாது, இரண்டும் சேர்ந்து ஒலிக்கவும் கூடாது. இது வந்த பிறகு மெதுவாக ஒரு தரம், ஓங்கி ஒரு தரம். அதைப் போனில் பதிவு செய்து தேதி போட்டு வைத்துவிடுங்கள்.